தோளில் ஒரு குழாய், எதிரே ஒரு டாங்கி

டாங்கியைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஷார்' என்கிறார்கள். தேர் என்று பொருள். நம் பழைய நூல்கள் நால்வகைப் படையை எண்ணும்போது தேர், யானை, குதிரை, காலாள் என்று அடுக்கும் அல்லவா, அந்தத் தேர்தான். அடுக்கின் முதலில் நிற்கும் தேரை, கடைசியில் நிற்கும் காலாள் ஒருவன் எப்படிச் சமாளிப்பான்? இந்தக் கேள்விக்குப் பிரான்ஸ் தந்த விடைகளில் ஒன்று, '1950 மாதிரி' என்று பெயரிடப்பட்ட 73 மி.மீ. ராக்கெட் லாஞ்சர். பிரெஞ்சில் 'லான்ஸ்-ரொக்கெத் ஆந்திஷார்', அதாவது தேரை எதிர்க்கும் ராக்கெட்டை எறிவது. எழுத்தில் எல்.ஆர்.ஏ.சி. என்று சுருக்குவார்கள். பேச்சில் அமெரிக்கர்களிடமிருந்து வந்த 'பஸூக்கா' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் திறந்த ஒரு நீளக் குழாய், கீழே ஒரு கைப்பிடி, ஒரு விசை, பக்கத்தில் குறி பார்க்க ஒரு சின்னக் கருவி. மொட்டை மாடியிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கும் குழாயைக் கழற்றித் தோளில் வைத்தது போலத்தான் இருக்கும். இதைக் கொண்டு 30, 40 டன் எஃகை எப்படி நிறுத்துவது? அதில் மூன்று சிக்கல்கள் உண்டு. சுடுகிறவன் கீழே விழக் கூடாது, எஃகு துளைபட வேண்டும், குறி தப்பக் கூடாது. முதல் இரண்டும் அழகாகத் தீர்ந்தன. மூன்றாவது கடைசிவரை இழுத்துக்கொண்டே இருந்தது.

உதை எங்கே போகிறது?

துப்பாக்கி சுட்டால் தோளில் உதைக்கும். முன்னால் போகிற குண்டுக்கு எவ்வளவு தள்ளல் கிடைக்கிறதோ அவ்வளவு தள்ளல் பின்னாலும் வந்தே தீரும். நியூட்டனிடம் பேரம் பேச முடியாது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய .303 ரைஃபிள் குண்டின் எடை சுமார் 11 கிராம், வேகம் நொடிக்கு 740 மீட்டர் அளவில். எடையைக் கிலோவாக்கி வேகத்தால் பெருக்கினால் 8 வருகிறது. இந்த 8தான் தோளில் 'டக்' என்று விழும் அடி. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க 60 மி.மீ. பஸூக்காவின் ராக்கெட் சுமார் ஒன்றரைக் கிலோ, வேகம் நொடிக்கு 80 மீட்டர். பெருக்கினால் 120, ரைஃபிளைப் போலப் பதினைந்து மடங்கு. ஒரு பக்கம் மூடிய குழலிலிருந்து அதைச் சுட்டிருந்தால், 60 கிலோ எடையுள்ள ஆள் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் போய் விழுவான்.

பீரங்கிகள் இதை எடையால் சமாளித்தன. அதே காலத்து 57 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கி ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். சக்கரம், மண்ணில் ஊன்றும் கால்கள், உதையை வாங்கிக்கொள்ளும் அமைப்பு எல்லாம் சேர்ந்து அந்த எடை. இழுக்க ஒரு வண்டியும் தள்ள நாலைந்து பேரும் வேண்டும்.

ராக்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. தீபாவளிக்கு ராக்கெட்டைக் காலி பாட்டிலில் செருகி விட்டவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். ராக்கெட் சீறிக்கொண்டு போகும், பாட்டில் அப்படியே நிற்கும். ராக்கெட் பாட்டிலை உதைத்துக்கொண்டு கிளம்புவதில்லை. தன் வாலிலிருந்து கக்கும் புகையை உதைத்துக்கொண்டு கிளம்புகிறது. முன்னால் போகிற ராக்கெட்டுக்கும் பின்னால் போகிற புகைக்கும் கணக்கு நேராகிவிடுவதால், நடுவில் இருப்பவருக்குப் பங்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

பஸூக்காவின் குழாய் அந்தப் பாட்டில்தான். திசை காட்டுவது மட்டும் அதன் வேலை. துப்பாக்கிக் குழல் வெடிமருந்தின் அழுத்தம் முழுவதையும் தாங்க வேண்டும், அதனால் கனமாக இருக்கும். இங்கே அந்த அழுத்தத்தை ராக்கெட்டின் உடம்பே தாங்கிக்கொள்கிறது. ஆகவே குழாயை மெல்லிய தகட்டில் செய்யலாம், ஒரே ஆள் தூக்கலாம், பாரசூட்டில் குதிப்பவன் கையிலும் கொடுக்கலாம். உண்மையான ஆயுதம் ராக்கெட். நாம் படத்தில் பார்த்து வியக்கிற குழாய் அதன் உறை.

புகையும் நெருப்பும் பின்னால் போகிறதே, அங்கே யாராவது இருந்தால்? அதுதான் இந்த ஆயுதத்துக்குக் கொடுக்கும் விலை. குழாயின் பின்வாயிலிருந்து பல மீட்டர் தூரத்துக்குச் சுடுகாற்று, கல், மண் எல்லாம் பறக்கும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் சுடக் கூடாது. சிறிய அறைக்குள் இருந்து சுடவே கூடாது. ராக்கெட்டைப் பின்வாயில் செருகும் உதவியாளன் வேலையை முடித்ததும் பக்கவாட்டில் ஒதுங்கிவிட வேண்டும். இதைவிடப் பெரிய தொல்லை, சுட்ட இடத்தில் எழும் தூசிப் படலம். 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று கொடி ஏற்றியது போல. முதல் ராக்கெட் தவறினால் இரண்டாவதைச் செருகும் நேரத்துக்குள் டாங்கியின் இயந்திரத் துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

ஜெர்மானியர்கள் பஸூக்காவைப் பார்த்து 88 மி.மீ. அளவில் பெரிதாக ஒன்று செய்தார்கள். அதன் ராக்கெட் குழாயை விட்டு வெளியே வந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது. அதனால் சுடுகிறவன் முதலில் முகமூடி மாட்டிக்கொண்டான், பிறகு குழாயிலேயே ஒரு தகட்டுக் கேடயம் வைத்துக் கொடுத்தார்கள். முன்னாலும் பின்னாலும் நெருப்பு, நடுவில் ஒரு மனிதன். வசதியான வேலை இல்லை.

மெதுவாகப் போய் எஃகைத் துளைப்பது

பலர் நினைப்பது என்னவென்றால், ராக்கெட் படுவேகமாகப் போய் மோதி, அந்த வேகத்தில் தகட்டைப் பிளக்கிறது என்று. டாங்கியின் பீரங்கிக் குண்டுக்கு அது சரி. அது நொடிக்கு 800 மீட்டருக்குக் குறையாமல் வந்து இடிக்கும். பஸூக்கா ராக்கெட்டின் நொடிக்கு 80 மீட்டர் என்பது மணிக்கு 288 கிலோமீட்டர். இன்றைய பிரெஞ்சு டி.ஜி.வி. ரயில் தன் அதிவேகப் பாதையில் 300க்கு மேல் ஓடுகிறது. பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிற ரயிலைவிட மெதுவாகப் போகிற ஒரு பொருள் எஃகைத் துளைக்கிறது என்றால், துளைப்பது அதன் வேகம் இல்லை என்பது தெளிவு.

1888இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் நியூபோர்ட் கடற்படை நிலையத்தில் சார்ல்ஸ் மன்ரோ என்ற வேதியியலாளர் வெடிமருந்துக் கட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். கட்டியில் எழுத்துகள் பள்ளமாகப் பொறித்திருந்தன. இரும்புத் தகட்டின் மேல் வைத்து வெடித்தபோது, அதே எழுத்துகள் தகட்டிலும் பள்ளமாகப் பதிந்தன. மேடாக அல்ல, பள்ளமாக. வெடிமருந்து குறைவாக இருந்த இடத்தில்தான் தகடு ஆழமாகக் குழிந்திருந்தது. வெடிமருந்தில் குழி விட்டால், வெடிப்பின் வேகம் நாலா பக்கமும் சிதறாமல் அந்தக் குழியின் நடுவே ஒன்றுகூடுகிறது என்று புரிந்தது.

பிறகு, குழியைக் கூம்பு வடிவில் செய்து, அதன் உட்புறத்தில் மெல்லிய உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தினால் விளைவு பல மடங்கு கூடும் என்று கண்டுபிடித்தார்கள். இதைப் பிரெஞ்சில் 'ஷார்ஜ் க்ரூஸ்' என்பார்கள், உள்ளே குடைந்த வெடி.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் குளக்கரைக்குப் போவோம். தண்ணீரில் கல்லைப் போட்டால் முதலில் ஒரு குழி விழும். அடுத்த நொடி சுற்றியிருக்கும் தண்ணீர் நாலாபுறமிருந்தும் நடுவுக்கு ஓடிவந்து மோதும். போக வேறு இடமில்லாமல் ஒரு மெல்லிய கம்பி போல மேலே எகிறும். கல் விழுந்த வேகத்தைவிட அந்தக் கம்பி வேகமாக எழுவதைக்கூட சில நேரம் பார்க்கலாம். குடைந்த வெடிக்குள் நடப்பதும் இதுதான். பின்னாலிருந்து வெடிப்பு பரவும்போது கூம்புத் தகடு எல்லாப் பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி நொறுங்குகிறது. நடுக்கோட்டில் மோதிக்கொள்ளும் உலோகம் மெல்லிய தாரையாக முன்னால் பீறிடுகிறது. தாரையின் நுனி வேகம் நொடிக்கு 8, 9 கிலோமீட்டர் அளவில் இருக்கும். 80 மீட்டர் வேகத்தில் சோம்பலாக வந்து சேர்ந்த ராக்கெட், தொட்ட கணத்தில் தன்னைவிட நூறு மடங்கு வேகமான ஒன்றைப் பெற்றெடுக்கிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை நிறுத்தியாக வேண்டும். 'எஃகை உருக்கித் துளைக்கிறது' என்று எழுதாத பத்திரிகை கிடையாது. ஆங்கிலத்தில் இவ்வகைக் குண்டுக்கு இட்ட சுருக்கப் பெயரை 'ஹீட்' என்று படிக்க முடிவதால் வந்த வினை. அங்கே உருகுவது எதுவும் இல்லை. அந்த வேகத்தில் மோதும்போது பிறக்கும் அழுத்தம் எஃகின் உறுதியை ஒரு பொருட்டாகவே கொள்வதில்லை. எஃகும் தாரையும் இரண்டு திரவங்கள் போல நடந்துகொள்கின்றன. களிமண் சுவரில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் மண் ஒதுங்கி வழிவிடும் அல்லவா, அந்த மாதிரி எஃகு ஒதுங்குகிறது. துளை விரல் அளவுதான் இருக்கும். அதன் வழியே உள்ளே போகும் தாரையும் துணுக்குகளும், எதிரே வைத்திருக்கும் குண்டுகளையோ எரிபொருளையோ தொட்டால் கதை முடிந்தது. எதையும் தொடாவிட்டால் டாங்கி ஓட்டையோடு ஓடிக்கொண்டே இருக்கவும் கூடும்.

துளைக்கும் ஆழம் ராக்கெட்டின் வேகத்தைப் பொறுத்தது இல்லை, கூம்பின் விட்டத்தைப் பொறுத்தது. இது புரிந்தால் இந்த ஆயுதங்களின் பெயர்ப் பட்டியலே ஒரு கதையாகப் படிக்கக் கிடைக்கும். முதலில் 60 மி.மீ. வந்தது, சுமார் 100 மி.மீ. எஃகைத் துளைத்தது. அமெரிக்காவின் 'சூப்பர் பஸூக்கா' 89 மி.மீ., சுமார் 280ஐத் துளைத்தது. பிரான்சின் 73, விட்டத்தில் இரண்டுக்கும் நடுவில். தகடு தடிக்கத் தடிக்க, எதிரே நீட்டிய குழாயும் பருத்துக்கொண்டே வந்தது.

இன்னொரு விஷயம். துப்பாக்கிக் குண்டை நேராகப் போக வைக்க அதைச் சுழலவிடுவார்கள். வேகமாகச் சுழன்றால் இந்தத் தாரை சிதறிவிடும். அதனால்தான் ராக்கெட்டுக்கு வாலில் இறகு.

தவறும் குறி

இப்போது மூன்றாவது சிக்கல். நொடிக்கு 80 மீட்டர் என்பது துளைப்பதற்குத் தடையில்லை என்று பார்த்தோம். குறிக்கு அது பெருந்தடை.

160 மீட்டர் தொலைவில் ஒரு டாங்கி குறுக்கே போகிறது, மணிக்கு 20 கிலோமீட்டர். ராக்கெட் போய்ச் சேர 2 நொடி. அந்த 2 நொடியில் புவியீர்ப்பு ராக்கெட்டை ஏறக்குறைய 20 மீட்டர் கீழே இழுக்கும். ஆறு மாடி உயரம். ஆகவே டாங்கியைப் பார்த்துச் சுடக் கூடாது, அதன் தலைக்கு மேல் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். அதே 2 நொடியில் டாங்கி 11 மீட்டர் நகர்ந்திருக்கும். டாங்கியின் நீளமே ஆறு, ஏழு மீட்டர்தான். ஆகவே அது இருக்கும் இடத்துக்கும் சுடக் கூடாது, இருக்கப்போகும் இடத்துக்குச் சுட வேண்டும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, வேகத்தை மனதால் மதிப்பிட்டு, பக்கக் காற்றையும் சேர்த்து, எதிரே பீரங்கி திரும்பிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் ஒரு 20 வயதுப் பையன் செய்ய வேண்டும்.

அதனால் காகிதத்தில் எந்தத் தூரம் எழுதியிருந்தாலும், நிஜத்தில் நூறு மீட்டருக்குள் டாங்கியை வரவிட்டுப் பக்கவாட்டிலோ பின்னாலோ சுடுவதே வழக்கம். தோள் ஆயுதத்துக்குத் துணிச்சல் வேண்டும் என்று சொல்வது வீரப் பேச்சு இல்லை, மேலே போட்ட கணக்கின் விடை.

73க்கு வந்த வழி

பிரான்ஸ் இந்த இடத்துக்குச் சுற்றுவழியில் வந்தது. 1940இல் ஜெர்மன் டாங்கிகள் ஆறே வாரத்தில் நாட்டை வீழ்த்தின. குடைந்த வெடியைப் படை ஆயுதமாக்கப் பாடுபட்டவர்களில் ஒருவரான சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆன்ரி மொஹாப்த் அதே ஆண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவர் கொண்டுபோன குண்டு நன்றாக வேலை செய்தது. ஆனால் கையால் எறியவோ ரைஃபிளில் வைத்துச் சுடவோ முடியாத அளவு கனம். லெஸ்லி ஸ்கின்னர், எட்வர்ட் உல் என்ற இரு அமெரிக்க அதிகாரிகள் அதை ராக்கெட்டின் தலையில் மாட்டிக் குழாயில் செருகினார்கள். 1942இல் பஸூக்கா பிறந்தது. பாப் பர்ன்ஸ் என்ற நகைச்சுவைக் கலைஞர் குழாயில் செய்து ஊதிக்கொண்டிருந்த வேடிக்கை வாத்தியத்தின் பெயர் அது.

அமெரிக்கா மறுபடி ஆயுதம் கொடுத்து எழுப்பிய பிரெஞ்சுப் படைகளோடு பஸூக்காவும் பிரான்சுக்குள் வந்தது. போர் முடிந்ததும் 60 மி.மீ. போதாது என்று தெரிந்துவிட்டது. 1945 செப்டம்பரில் பெர்லினில் நடந்த வெற்றி அணிவகுப்பில் சோவியத் படை ஐ.எஸ்.-3 டாங்கிகளை வரிசையாக ஓட்டிக் காட்டியது. முகப்புத் தகடு 110 மி.மீ., அதையும் படகின் மூக்கு போல இருபுறமும் சாய்த்திருந்தார்கள். மேற்கத்தியத் தளபதிகள் முகம் இறுகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1950 ஜூலை 5 அன்று கொரியாவின் ஓசானில் அந்தப் பயம் நிஜமானது. அமெரிக்கச் சிப்பாய்கள் அருகிலிருந்து சுட்ட 60 மி.மீ. ராக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு வடகொரியாவின் டி-34 டாங்கிகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 89 மி.மீ. லாஞ்சர்களை அவசரமாக விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். ஜூலை 20க்குள் அவை தேஜோனில் டாங்கிகளை எரித்துக்கொண்டிருந்தன.

அதே 1950ஐப் பெயரில் தாங்கிய பிரெஞ்சு 73, ஜெர்மனிச் சமவெளியில் சோவியத் டாங்கிகள் வந்தால் நிறுத்துவதற்காக உருவான தலைமுறையைச் சேர்ந்தது. அந்த டாங்கிகள் வரவில்லை. பிரான்ஸ் போரிட்ட இடங்களோ வேறு.

இந்தோசீனாவில் கதை தலைகீழ். அங்கே டாங்கி வைத்திருந்தது பிரான்ஸ். அதை எதிர்க்கப் பஸூக்கா தேடியவர்கள், வியட்நாமின் விடுதலைக்காகப் பிரான்சோடு போரிட்ட வியட்மின் படையினர். பாரிசில் படித்துவிட்டு 1946இல் அவர்கள் தலைவர் ஹோ சி மின்னோடு நாடு திரும்பிய திரான் டாய் நியா என்ற பொறியாளர் காட்டுப் பட்டறையில் பஸூக்கா செய்தார். 1947 மார்ச்சில் ஹனோய்க்கு அருகே பிரெஞ்சுக் கவச வண்டிகள்மேல் அது முதல்முறை வெடித்தது. பிரான்ஸ் கற்றுக்கொடுத்த பொறியியல் பிரான்சின் தேரையே குத்தியது. பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்த ராக்கெட்டுகளுக்கு அங்கே டாங்கி கிடைக்கவில்லை. மண் மூட்டை அரண்களும் இயந்திரத் துப்பாக்கிப் பொந்துகளும்தான் கிடைத்தன. அந்தப் போரில் பிரெஞ்சுச் சீருடையில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்களும் இருந்தார்கள். ஊர் திரும்பி ஓய்வூதியம் வாங்கிய அவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள்.

1954இல் தொடங்கிய அல்ஜீரியப் போரிலும் அதே நிலை. எதிரியிடம் டாங்கி கிடையாது. 73 மி.மீ. ராக்கெட் குகை வாய்களையும் கல் வீடுகளையும் நோக்கித் திரும்பியது. தாரை மெல்லியது, மண் சுவரில் அது விரல் துளைதான் போடும். இந்த வேலைக்கு அது பொருத்தமான ஆயுதமே இல்லை. ஆனால் மலையேறும் காலாளிடம் கைக்கு எட்டும் பீரங்கி வேறு எது இருந்தது? 1957 ஜனவரி 16 அன்று அல்ஜியர்ஸ் நகரிலேயே ஒரு கைத்தயாரிப்புப் பஸூக்கா பிரெஞ்சுத் தளபதி ரவூல் சலானின் அலுவலகத்தைத் தாக்கியது. அவர் அறையில் இல்லை. ரோதியே என்ற அதிகாரி இறந்தார். செய்தவர்கள் அல்ஜீரியப் போராளிகள் இல்லை, பிரெஞ்சுத் தீவிர வலதுசாரிகள்.

இந்தக் காலத்துப் பிரெஞ்சு ஆயுதம் என்று இணையத்தில் அதிகம் சுற்றும் படம், நடுவே நீளக் குழல் சொருகிய வெஸ்பா ஸ்கூட்டர். அது பஸூக்கா இல்லை. 75 மி.மீ. உதையில்லாப் பீரங்கி, பாரசூட் படைக்காக ஸ்கூட்டரில் ஏற்றியது. ஓட்டிக்கொண்டே சுடுவதற்கு அல்ல, இறக்கி முக்காலியில் வைத்துச் சுடுவதற்கு. ஏமாற்றமாக இருந்தால் மன்னிக்கவும்.

73க்குப் பிறகு என்ன ஆனது? குறிச் சிக்கலுக்குப் பிரான்ஸ் இரண்டு வழிகளில் விடை தேடியது. ஒன்று, ராக்கெட்டைக் கம்பியில் கட்டி ஓட்டுவது. 1955இல் படையில் சேர்ந்த எஸ்.எஸ்.-10, உலகில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த டாங்கி எதிர்ப்பு ஏவுகணை. பின்னாலேயே கம்பி அவிழ்ந்துகொண்டு போக, சுட்டவர் பார்த்துப் பார்த்துத் திருப்புவார். அந்த மரபில் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து செய்த மிலான் ஏவுகணை இந்தியாவிலும் உரிமம் பெற்று ஹைதராபாத்தில் உற்பத்தியானது. இன்னொரு வழி, ராக்கெட்டையே வேகமாக்குவது. அடுத்து வந்த 89 மி.மீ. எல்.ஆர்.ஏ.சி. எஃப்-1இன் ராக்கெட் நொடிக்குச் சுமார் 300 மீட்டர் போனது, துளைப்பு 400 மி.மீ. அளவில். முன்னே போட்ட கணக்கை இதற்குப் போடுங்கள். 160 மீட்டருக்கு அரை நொடிதான். 20 மீட்டர் சரிவு ஒன்றரை மீட்டருக்குள் சுருங்கிவிட்டது. டாங்கி நகர்வது 3 மீட்டர். இப்போது டாங்கியின் மூக்கைப் பார்த்துச் சுட்டால் நடு உடம்பில் பட வாய்ப்புண்டு. ராக்கெட் வந்த உறையையே குழாயின் பின்பகுதியாக மாட்டிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். பழைய பஸூக்காவில் ராக்கெட்டைப் பற்றவைக்கும் மின்கம்பியைக் கையால் இணைக்க வேண்டியிருந்தது, அந்த வேலையும் போனது.

முதுகுப்பக்கத்து நெருப்புக்கு மட்டும் வெகுகாலம் மாற்று இல்லை. நகரச் சண்டையில் அறைக்குள்ளிருந்து சுட வேண்டும் என்ற தேவை வந்த பிறகு, பிரெஞ்சுப் படை சுவீடனின் ஏ.டி.-4 சி.எஸ். என்ற தோள் ஆயுதத்தை வாங்கியது. அதன் பின்வாயில் உப்புத் தண்ணீர் அடைத்து வைத்திருப்பார்கள். குண்டு முன்னால் போகும்போது அந்தத் தண்ணீர் பின்னால் தெறித்து, கணக்கை நேராக்கி, நெருப்பையும் அடக்கிவிடும். அப்போதும் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.